பக்கிளோட முதுகைக் காட்டச் சொல்லுங்க! – வாசகர் கேள்வி பதில்

ரெண்டாம் உலகப் போர் கால ஜெர்மன் பெல்ட் பக்கிள் பத்தி போன இதழ்ல சும்மா போற போக்குல நாலு வரி எழுதினேன், அதுக்கு இத்தனை கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன், அதனால உங்க கேள்வி வார்த்தைக்கு வார்த்தை இல்லைனா கோச்சுக்காதீங்க.

கேள்வி: ஏலத்துல ஒரு ஜெர்மன் தரைப்படை பக்கிள் வந்திருக்கு. கழுகு, ஓக் இலை வளையம், எழுத்து எல்லாம் கண்ணாடி மாதிரி துல்லியமா இருக்கு. தாத்தா போர்ல இருந்து கொண்டு வந்ததுனு விக்கிறவர் எழுதியிருக்கார். நம்பி வாங்கலாமா சார்?

பதில்: நீங்க அனுப்பின மூணு படமும் முன்பக்கம்தான். மூணுலயும் அந்தக் கழுகே முறைச்சுப் பாக்குது. போலி பண்றவன் காசையும் உழைப்பையும் கொட்டுறது முன்பக்கத்துலதான், ஏன்னா வாங்குறவன் அங்கதான் பாப்பான்னு அவனுக்கும் தெரியும். அதனால விக்கிறவர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, "பின்பக்கம் காட்டுங்க". நேரா ஒண்ணு, சாய்ச்சு ஒண்ணு, முள்ளு இருக்கிற இடம் கிட்டக்க ஒண்ணு, பெல்ட் கொக்கி மாட்டுற இடம் கிட்டக்க ஒண்ணு. காட்ட மாட்டேன்னு சொன்னா அத்தோட விட்டுடுங்க.

பின்னாடி என்ன பாக்கணும்? இந்த பக்கிள்ல பெரும்பகுதி தகட்டை டையில (உருவம் வெட்டின எஃகு அச்சுல) வச்சு அழுத்தி அடிச்சது. முன்னாடி கழுகு மேடா இருந்தா பின்னாடி அதே கழுகு பள்ளமா, கொஞ்சம் மங்கலா, நிழல் மாதிரி தெரியும். போலியில நிறைய ஒரிஜினலை வச்சு அச்செடுத்து உலோகத்தை உருக்கி ஊத்தினது, அதுல பின்பக்கம் மொழுமொழுன்னு இருக்கும், இல்லைனா குட்டி குட்டியா காத்துக் குமிழி ஓட்டை இருக்கும், இறகோட ஓரம் சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கிக் கிடக்கும். ஒரு லென்ஸ் வாங்கி வச்சுக்கோங்க, பத்து மடங்கு பெருசா காட்டுறது போதும். அப்புறம் ஒரு காலிப்பர், மில்லிமீட்டருக்குக் கீழயும் துல்லியமா அளக்கிற கருவி. தரைப்படை பக்கிள் ஏறக்குறைய 64 மி.மீ.க்கு 48 மி.மீ. இருக்கும், பெல்ட்டோட அகலம் 45 மி.மீ. ஊத்தின உலோகம் ஆறும்போது சுருங்கும், அலுமினியம்னா நூத்துக்கு ஒரு பங்குக்கு மேலயே சுருங்கும், அதனால ஒரிஜினல்ல இருந்து அச்செடுத்து ஊத்தினது அதே கம்பெனி ஒரிஜினலை விட முக்கால் மில்லிமீட்டர் போல குறைஞ்சு நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, காலிப்பர்ல மாட்டிக்கும். ஆனா அதே கம்பெனி சாமானோடதான் ஒப்பிடணும், கம்பெனிக்கு கம்பெனி அளவு கொஞ்சம் மாறும்.

முள்ளு ரெண்டும் ஒரு கம்பியில தொங்கி ஆடும். பெல்ட்டோட ஒரு முனை அந்த முள்ளுல மாட்டி இடுப்பளவு வைக்கிறது, இன்னொரு முனையில இருக்கிற கொக்கி எதிர்ப்பக்கம் வந்து மாட்டும். வருஷக்கணக்கா மாட்டிக் கழட்டின பக்கிள்னா அந்த கொக்கி உரசுற இடத்துல பெயிண்ட் போயிருக்கணும், முள்ளு ஆடுற இடத்துல தேஞ்சிருக்கணும். முன்பக்கம் கழுகோட நெஞ்சு தேஞ்சு உலோகம் தெரியுது, பின்னாடி கொக்கி படுற இடத்துல பெயிண்ட் புத்தம்புதுசா இருக்குன்னா, யாரோ உப்புத்தாளை வச்சு முன்னாடி தேச்சிருக்காங்கன்னு அர்த்தம். துருவும் அப்படித்தான். நிஜத் துரு மடிப்புக்குள்ள, முள்ளுக் கம்பி இடுக்குல ஆழமா, கருப்பு கலந்த பழுப்பா உக்காந்திருக்கும், ஆசிட் தெளிச்ச துரு எல்லா இடத்துலயும் ஒரே சீரா ஆரஞ்சு கலர்ல, விரல்ல ஒட்டிக்கிற மாதிரி இருக்கும்.

தாத்தா கதை உண்மையாக்கூட இருக்கலாம், நேச நாட்டு சிப்பாய்கள் இதை நினைவுப் பொருளா மூட்டையா கொண்டு போனது உண்மைதான், முதல் உலகப் போர்லயே எதிரிகிட்ட இருந்து எடுத்த பக்கிளையெல்லாம் ஒரே பெல்ட்டுல கோத்து வச்சவங்க உண்டு. ஆனா கதை தகட்டுல அடிச்சு வரல. சாமானுக்கு காசு குடுங்க, கதையை இலவசமா கேட்டுக்கோங்க.

கேள்வி: பக்கிள்ல "காட் மிட் உன்ஸ்"னு எழுதியிருக்கு. கடவுள் எங்களோடன்னு அர்த்தமாம். நாஜிக்கள் எழுதினதா இது?

பதில்: இல்லவே இல்ல, அவங்களுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. பிரஷ்யாங்கிற பழைய ஜெர்மன் ராஜ்யத்தோட அரச குடும்ப வாசகம் அது, பிரஷ்ய சிப்பாய் பக்கிள்ல 1847-ல இருந்தே வந்துடுச்சு. முதல் உலகப் போர் வரைக்கும் நடுவுல கழுகு கிடையாது, கிரீடம். ஆரம்பத்துல பித்தளைத் தகட்டு மேல வெள்ளை உலோக வட்டம் தனியா வச்சு ரெண்டு துண்டா செஞ்சாங்க, அப்புறம் 1915-ல உலோகத் தட்டுப்பாடு வரவும் இரும்புல ஒரே துண்டா அடிச்சு சாம்பல் பெயிண்ட் போட்டாங்க. அந்தக் காலத்துல ஜெர்மனிக்குள்ள ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தனித்தனி வாசகம் வேற, பவேரியாவுக்கு "இன் ட்ராய்ய ஃபெஸ்ட்", சாக்ஸனிக்கு லத்தீன்ல "ப்ராவிடென்ஷியே மெமோர்", வூர்ட்டெம்பெர்க்குக்கு "ஃபுர்ஷ்ட்லோஸ் உண்ட் ட்ரெவ்". இதையெல்லாம் நாஜி சாமான்னு தலைப்புப் போட்டு விக்கிறாங்க, சிரிப்பா வரும்.

1936-ல தரைப்படைக்கு (ஜெர்மன்ல ஹேர், தலைமுடி இல்லைங்க) புது பக்கிள் வந்துச்சு. வாசகம் பழசு, நடுவுல ஸ்வஸ்திகாவைப் பிடிச்ச கழுகு வந்துச்சு, வாசகத்துக்குக் கீழ ஓக் இலை. கப்பல்படைக்கும் அதே டிசைன்தான், தங்க நிறத்துல. விமானப்படைக்கு, அதாவது லுஃப்ட்வாஃபேக்கு, வாசகமே இல்ல, பறக்கிற கழுகு மட்டும் ஓக் இலை வளையத்துக்குள்ள. அதுலயும் ஆரம்பகால கழுகுக்கு வால் கீழ தொங்கும், 1937-க்கு அப்புறம் வந்ததுல அந்த வால் மாறிடும். வால் தொங்குற கழுகுக்கு விலை அதிகம்கிறதால போலியும் அதுலதான் அதிகம்.

இன்னொண்ணு, இது எல்லாமே சாதா சிப்பாயோட பக்கிள். தரைப்படை ஆபீசருக்கு களத்துல ரெண்டு முள்ளு வச்ச சாதாரண சட்டம் மாதிரி பக்கிள், விழாவுக்கு ஜரிகை பெல்ட்டோட வட்ட பக்கிள். செவ்வகமான "காட் மிட் உன்ஸ்" பக்கிளைக் காட்டி ஜெனரலோடதுன்னு ஒருத்தர் சொன்னா காபி குடிச்சுட்டு கிளம்பிடுங்க.

கேள்வி: காந்தம் ஒட்டினா ஒரிஜினல், ஒட்டலைன்னா போலி. சரிதானே?

பதில்: தப்பு. 1936-ல இருந்து போரோட முதல் வருஷங்கள் வரைக்கும் வந்ததுல நிறைய அலுமினியம், அதுல காந்தம் ஒட்டாது. விமானம் கட்ட அலுமினியம் வேணும்கிறதால போர் முத்த முத்த இரும்புத் தகடுக்கு மாறிட்டாங்க, அதுல ஒட்டும். எழுத்து வளையத்துக்கு வெளிய இருக்கிற பரப்பைப் பாருங்க, அலுமினியத்துல பெரும்பாலும் பொடி மணல் ஒட்டின மாதிரி சொரசொரப்பா இருக்கும், இரும்புல பெரும்பாலும் வழவழன்னு இருக்கும். காந்தத்தால ஒரு உபயோகம் உண்டு, "இரும்பு பக்கிள், 1942"னு சொல்லி விக்கிறது ஒட்டலைன்னா அது துத்தநாகக் கலவையை ஊத்தி பெயிண்ட் அடிச்சதா இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பக்கிள் பின்னாடி தோல் துண்டு தைச்சு அதுல கம்பெனி பேரும் வருஷமும் இருக்கு. அப்போ கண்ண மூடிட்டு வாங்கலாம்தானே?

பதில்: இந்தக் கேள்விக்கு என் சொந்தக் காசுல பதில் வாங்கி வச்சிருக்கேன். ஜெர்மனில ஒரு பழைய சாமான் சந்தை, காலையில குளிர், விரல் விறைச்சுப் போச்சு, லுஃப்ட்வாஃபே பக்கிள் ஒண்ணு, தோல் துண்டு நல்லா கருத்து வெடிச்சு, அச்சு மங்கலா, வருஷம் தெளிவா. பேரம் பேசி வாங்கிட்டேன். ரூமுக்கு வந்து லென்ஸ்ல பாத்தா தோல் நிஜமாவே பழசு, அதைத் தைச்ச நூல் மட்டும் புதுசு. பழைய பெல்ட்டை வெட்டி எடுத்து அச்சு குத்தி புது பக்கிள்ல தைச்சிருக்கான். அந்தத் துண்டுல முள்ளுக் கம்பி அழுத்தின தழும்புகூட இல்ல, பாத்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும், குளிர்ல பாக்கல.

சரி, கம்பெனி முத்திரை பத்தி. பக்கிள் தொழிலோட தலைநகரம் லூடன்ஷைட், மேற்கு ஜெர்மனில ஒரு சின்ன ஊர், பட்டன் தொழில்லயே வளந்தது. சட்டை பட்டன் அடிச்ச அதே பிரஸ்ல பக்கிள் அடிச்சாங்க. அஸ்மன், ஓவர்ஹாஃப், ரிச்சர்ட் சீப்பர், பெர்க் அண்ட் நோல்ட்டே, பால்மன் அண்ட் க்ரோனே எல்லாம் அந்த ஊர் ஆளுங்க. வெளியில காப்லொன்ஸ்ல யோசஃப் ஃபைக்ஸ் (அந்த ஊர் இப்போ செக் நாட்டுல யாப்லோனெட்ஸ்), மார்க்நாய்கிர்ஷென்ல குஸ்தாவ் பிரேமர், ஆஃபன்பூர்க்ல ராபர்ட் டோல்ட், அவரோட முத்திரை "ரோடோ"ன்னு இருக்கும்.

பேரை மனப்பாடம் பண்றதால ஒரு பயனும் இல்ல, போலிக்காரனுக்கும் அதே பேரு தெரியும். விஷயம் எங்க இருக்குன்னா, ஒரு கம்பெனி ஒரு டையை வச்சு ஆயிரக்கணக்குல அடிச்சிருக்கும், அந்த டையில ஒரு சின்ன கீறல் இருந்தா அத்தனை பக்கிள்லயும் அதே இடத்துல அதே கீறல் இருக்கும். "மிட்"ல இருக்கிற புள்ளி எங்க நிக்குது, இடது இறகுல கடைசி வரி எங்க முடியுது, ஓக் இலைக் காம்பு எழுத்தைத் தொடுதா, முள்ளுக் கம்பியை எப்படிப் பிடிச்சிருக்காங்க, கொக்கி இடம் மடிச்சதா பத்த வச்சதா, இதையெல்லாம் சந்தேகமில்லாத ஒரிஜினல் படத்தோட பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். ஒரு கம்பெனி முத்திரை, இன்னொரு கம்பெனியோட கழுகு, மூணாவது கம்பெனி மாதிரி முள்ளுன்னு இருந்தா அது பக்கிள் இல்ல, அவியல். பத்து கம்பெனியை மேலோட்டமா தெரிஞ்சுக்கிறதை விட ரெண்டு கம்பெனியை அங்குலம் அங்குலமா தெரிஞ்சு வச்சுக்கோங்க, நான் அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கணும், ஆரம்பிக்கல.

"ஆர்.இஸட்.எம்."னு முத்திரை இருந்தா அது நாஜி கட்சிக்காக சாமான் செய்ய லைசன்ஸ் குடுத்த ஆபீசோட குறி, மூனிக்ல இருந்துச்சு. கட்சி சாமான்ல, எஸ்.ஏ., எஸ்.எஸ். (ரெண்டும் கட்சியோட சொந்தப் படைங்க), ஹிட்லர் இளைஞர் படை பக்கிள்ல வரும். ராணுவம் அந்த ஆபீசுக்குக் கீழ வராது, அதனால "காட் மிட் உன்ஸ்" தரைப்படை பக்கிள்ல அந்தக் குறியைப் பாத்தா சந்தோஷப்படாதீங்க. போர் முடியப் போற சமயத்துல தோல் துண்டையே விட்டுட்டாங்க, முத்திரை இல்லாத ஒரிஜினலும் எக்கச்சக்கம்.

கேள்வி: எஸ்.எஸ். பக்கிள் ஒண்ணாவது கலெக்‌ஷன்ல வேணும்னு ஆசை. எப்படி சோதிக்கிறது?

பதில்: முதல் அஞ்சு வருஷத்துக்கு அந்த ஆசையை மூட்டை கட்டி வச்சுடுங்க, நிஜமாத்தான் சொல்றேன். "மைன ஏர ஹைஸ்ட் ட்ராய்ய"னு, என் மானமே விசுவாசம்னு, அந்த வாசகம் போட்ட பக்கிள்தான் இந்தத் துறையிலயே அதிகமா போலி வந்த சாமான். விலை பல மடங்கு, அதனால போலிக்காரன் டை வெட்டி முறையா பிரஸ்லயே அடிக்கிறான், நான் மேல சொன்ன குமிழி, மழுங்கல் எதுவும் அதுல இருக்காது. போலிலயே முப்பது நாப்பது வருஷம் வயசானது இருக்கு, அதுக்கு நிஜமாவே பழமை வந்துடுச்சு, நிஜத் துருவே பிடிச்சிருக்கு! அங்க டை அடையாளம் தவிர வேற எதுவும் காப்பாத்தாது, அதுக்கு நிறைய ஒரிஜினலைக் கையில வச்சுப் பாத்த கண்ணு வேணும். தரைப்படை இரும்பு பக்கிள் லட்சக்கணக்குல அடிச்சது, மலிவு, அதுல கத்துக்கோங்க. தப்பு பண்ணாலும் வீட்டுல திட்டு மட்டும்தான் விழும்.

கேள்வி: என்கிட்ட இருக்கிறதுல "ஐனிக்கைட் ரெஹ்ட் ஃப்ரைஹைட்"னு இருக்கு, கழுகும் இருக்கு, ஸ்வஸ்திகா மட்டும் இல்ல. அழிச்சுட்டாங்களா?

பதில்: யாரும் எதையும் அழிக்கல. ஒற்றுமை, நீதி, சுதந்திரம்னு அர்த்தம், 1955-ல உருவான மேற்கு ஜெர்மன் ராணுவம் புண்டஸ்வேரோட பக்கிள் அது. சுத்தியலும் காம்பஸும் இருந்தா கிழக்கு ஜெர்மனி. ரெண்டும் நல்ல சாமான்தான், போர்க்கால விலை குடுத்திருந்தீங்கன்னா மட்டும் வருத்தப்படுங்க.

கேள்வி: யூ.வி. (புற ஊதா) லைட் அடிச்சா போலி பளிச்சுனு தெரிஞ்சுடும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. நூல், துணி, பேப்பரை வெள்ளையா காட்ட சேர்க்கிற ரசாயனம் யூ.வி.ல நீலமா ஜொலிக்கும், அது பரவலா புழக்கத்துக்கு வந்தது போருக்கு அப்புறம். பாலியஸ்டர் இழையே இங்கிலாந்துல 1941-லதான் கண்டுபிடிச்சாங்க, ஜெர்மன் தொழிற்சாலையில போர்க்கால பக்கிள் தைக்க அது எங்கிருந்து வரும்? அதனால தோல் துண்டு நூல் ஜொலிச்சா பெரிய சந்தேகம்தான், சந்தையில நான் ஏமாந்த துண்டு அப்படித்தான் ட்யூப்லைட் மாதிரி எரிஞ்சுது. ஆனா பழைய துணி பெல்ட்டை யாராவது இந்தக் காலத்து சோப்புத் தூள்ல துவைச்சிருந்தா அதுவும் ஜொலிக்கும், பாவம் அது ஒரிஜினல். ஜொலிக்கலைன்னாலும் நிரூபணம் இல்ல, போலிக்காரன் பருத்தி நூல் வாங்க மாட்டானா என்ன. வெறும் உலோகத்துல இந்த லைட் ஒண்ணும் சொல்லாது, மேல அடிச்ச புது வார்னிஷ் மட்டும் சில சமயம் காட்டிக் குடுக்கும்.

கேள்வி: மண்ணுல தோண்டி எடுத்த பக்கிள் மலிவா கிடைக்குது, போலியாவும் இருக்காதுன்னு சொல்றாங்க. நானே மெட்டல் டிடெக்டர் வாங்கிட்டு ஜெர்மனி போகலாமான்னு யோசிக்கிறேன்.

பதில்: போலியா இருக்காதுன்னு யார் சொன்னது, போலியை மண்ணுல புதைச்சு வச்சு எடுக்கிறவங்க இருக்காங்க. அதை விடுங்க. ஜெர்மனில ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அனுமதி வாங்காம டிடெக்டரோட தேடினா மாட்டிக்குவீங்க. பழைய போர்க்களத்துல இன்னும் வெடிக்காத குண்டு கிடக்கு, டிடெக்டருக்கு பக்கிளும் ஷெல்லும் ஒரே சத்தம்தான்.

எனக்கு இதுல உறுத்துற விஷயம் வேற. பக்கிள் தனியா மண்ணுக்குள்ள போகாது, நிறைய தடவை அதைக் கட்டியிருந்த இடுப்பும் அங்கயேதான் இருக்கு. ஒவ்வொரு சிப்பாய் கழுத்துலயும் முட்டை வடிவத்துல ஒரு தகடு இருக்கும், நடுவுல ஓட்டை வரி, செத்தா பாதியை உடைச்சு எடுத்துட்டு மீதியை உடம்போட விட்டுடுவாங்க. முழுத் தகடு கிடைச்சா அந்த ஆள் செத்ததே பதிவாகலன்னு இருக்கலாம். அந்தப் பதிவெல்லாம் வச்சிருந்த பெர்லின் ஆபீஸ் 2019-ல இருந்து ஜெர்மன் தேசிய ஆவணக் காப்பகத்தோட சேந்துடுச்சு, எடுத்த எலும்பை அடக்கம் பண்ண 1919-ல தொடங்கின போர்க் கல்லறை சங்கம் இன்னைக்கும் இருக்கு. பக்கிளுக்காக குழியைக் கலைச்சு தகட்டைத் தனியா வித்துட்டா அந்த ஆளுக்குப் பேரே கிடைக்காது. கல்லறையைக் கலைக்கிறது ஜெர்மனில குற்றமும்கூட. நான் தோண்டின சாமான் வாங்குறதில்ல.

கேள்வி: ஜெர்மனில இதை வச்சிருந்தாலே ஜெயிலா? விக்கிற படத்துல ஸ்வஸ்திகா மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்களே, எதை மறைக்கிறாங்க?

பதில்: வீட்டுல வச்சிருக்கிறது குற்றமில்ல, பொதுவுல காட்டுறதும் பரப்புறதும்தான் குற்றம். தண்டனைச் சட்டம் 86ஏ பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் சிறை இல்லைனா அபராதம். ஆராய்ச்சி, பாடம், கலை, வரலாறு சொல்றதுக்கு விலக்கு உண்டு. அதனாலதான் வியாபாரிங்க படத்துல அந்தச் சின்னத்தை மட்டும் மறைக்கிறாங்க, குறையை மறைக்க இல்ல. ஆனா ஸ்டிக்கர் கழுகு மொத்தத்தையும் மூடியிருந்தா சின்னத்தை மட்டும் மறைச்சு வேற படம் கேளுங்க. ஆஸ்திரியால 1947, 1960 சட்டங்கள் இன்னும் கடுமை. ஃபிரான்ஸ்ல நாஜி சாமான் ஏலம் போட்டதுக்காக யாஹூவை 2000-ல கோர்ட்டுக்கே இழுத்தாங்க, அதுக்கு அடுத்த வருஷமே ஈபேயும் ஸ்வஸ்திகா போட்ட சாமானுக்குத் தடை போட்டுச்சு. அதனால ஈபேல "அரிய ஜெர்மன் பக்கிள்"னு சின்னத்தை மூடி மறைச்சு வர்றதை ரெட்டைச் சந்தேகத்தோட பாருங்க. வாங்குறதுக்கு முன்னாடி நீங்க இருக்கிற நாட்டுச் சட்டத்தையும் பாத்துடுங்க, ஆஸ்திரேலியால 2024-ல இருந்து விக்கிறதுக்கே கட்டுப்பாடு வந்துடுச்சு.

கேள்வி: துரு பிடிச்சு அசிங்கமா இருக்கு, பாலிஷ் போடலாமா?

பதில்: ஐயோ வேண்டாம். பழைய பெயிண்ட் ஒரு தடவை போனா போனதுதான், அதோட உங்க ஆதாரமும் போயிடும், நாளைக்கு அது ஒரிஜினல்னு நீங்களே நிரூபிக்க முடியாது. மெல்லிய துணியால தூசியைத் துடைங்க, அருங்காட்சியகத்துல பூசுற மாதிரி மெழுகு ஒரு படலம், ஈரம் படாத இடம், அவ்வளவுதான். பிளாஸ்டிக் உறையில போட்டு வைக்காதீங்க, பி.வி.சி. உறை ஆசிட் கக்கும். தோல் துண்டுல எண்ணெய் தடவ வேண்டாம்.

கேள்வி: எங்கிட்ட இருக்கிற பக்கிள்ல ஸ்வஸ்திகாவை மட்டும் யாரோ அரம் வச்சு ராவியிருக்காங்க. மதிப்பு போச்சா?

பதில்: சந்தை விலை போச்சு, ஆமா. ஆனா போருக்கு அப்புறம் வேற பெல்ட் வாங்க வழியில்லாம இருந்த எத்தனையோ பேர் இப்படி ராவிட்டு அதையே கட்டிக்கிட்டு வேலைக்குப் போனாங்க. ராவின பள்ளத்துக்குள்ளயும் அதே பழைய கருமை ஏறியிருந்து, அதோட ஓரம் கை பட்டுப் பட்டு மழுங்கியிருந்தா அது அந்தக் காலத்து வேலை, பளபளன்னு இருந்தா இப்போ யாரோ ஏலத் தடையைத் தாண்டுறதுக்காக ராவினது. என்கிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கு, பின்னாடி கொக்கி படுற இடம் தேஞ்சு வெள்ளையா மின்னுது, விலை சொல்லி யாராவது கேட்டாலும் குடுக்கிறதா இல்ல.